தம்பி காரில் நான் ஏறாத நாட்கள்

தம்பி போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் தம்பியின் சிநேகிதர்களுக்கும் அவருடைய அக்கா எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் தம்பியைப் பற்றி நானே எழுதுவேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தம்பி கீழப்பழுவூரில் எங்களுக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா போனபோது அவருக்கு ஒன்பது வயது. சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, நாற்பது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். பெரம்பலூரில் ரயில் கிடையாது. அங்கிருந்து ஜனங்களை அரியலூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவதே அவர் பிழைப்பு. பிரசவ வலி என்று கூப்பிட்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவார்.

சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான ரோடு அது. ஐந்து பேர் பெட்டியோடு ஏறினால் காரின் பின்பக்கம் அமுங்கிவிடும். வளைவில் ஒருபக்கமாகச் சாயும். அதனால் கெட்டியான ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டார். ஆள் நிறைந்திருந்தால் கார் சாயாமல் திரும்பியது. அவருக்கு அவ்வளவு பெருமை.

“தேர் மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சுக்கா. இப்ப பாரு, கோடு போட்டாப்ல போவுது.”

“தேர் ஆடுனாத்தாண்டா அழகு” என்றேன்.

அந்த வருடம்தான் நான் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். என் வீட்டுக்காரர் காலமானபின் நான் பெரம்பலூரில் தனியாக இருப்பவள். தம்பி கீழப்பழுவூரில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அழைத்துப் போனார். பின்சீட்டில் நான் ஒருத்திதான். அந்த ஸ்பிரிங்குக்கு என் எடை போதவில்லை. ஒவ்வொரு குழிக்கும் என்னைத் தூக்கிப் போட்டது.

“நிறுத்துடா! மாட்டு வண்டியே தேவலாம். கல்லு லாரி ஓட்டி ஓட்டி, மனுசங்க ஒடம்பும் ஒனக்குக் கல்லாப் போச்சா?”

வழியில் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கிவிட்டேன். தம்பி என் பையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அதைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸேறி வீட்டுக்கே திரும்பினேன்.

அதன்பிறகு வந்த இரண்டு பொங்கலுக்கும் சீர் கொண்டுவந்து இறக்கினார். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எதிலும் குறை வைக்கவில்லை. கிளம்பும்போது கேட்பார்.

“காரு இப்ப நல்லாருக்குக்கா. ஒரு தடவ உக்காந்து பாரேன்.”

“எனக்கு பஸ்ஸு இருக்கு. நீ போயிட்டு வா.”

“ஓகோ, பஸ்ஸுக்காரந்தான் ஒனக்குத் தம்பியா?” அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

போன கார்த்திகையில் ஒரு காலை, ரயிலுக்கு ஆளை விட்டுவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்தது. என்னை அழைத்துவர அந்தக் காரைத்தான் அனுப்பினார்கள். ஓட்டிவந்தவர் தம்பியின் மெக்கானிக். அழுதுகொண்டே பின்சீட்டில் ஏறினேன். பாதி வழி போனபின்தான் எனக்கு உறைத்தது.

“ஏம்ப்பா, ரோடு புதுசா போட்டுட்டாங்களா?”

“அதே ரோடுதாங்கக்கா. நீங்க எறங்கிப் போன மறுவாரமே அண்ணன் ஸ்பிரிங்க மாத்திட்டாரு. ரொம்ப கெட்டியுமில்லாம தொளதொளன்னுமில்லாம ஒண்ணப் போட்டு, அதுக்குத் தோதா ஷாக் அப்சார்பரும் மாட்டுனோம். என்னைய ஓட்டச் சொல்லிட்டு இவரு பின்சீட்டுல உக்காந்துக்குவாரு. ‘இந்தக் குழியிலதாண்டா அக்கா கத்துச்சு, வண்டிய இதுல எறக்கு’ம்பாரு. மூணு ஸ்பிரிங் கழட்டி மாட்டுன பொறவுதான் அவருக்கு மனசு ஆறுச்சு.”

“என்கிட்ட சொல்லவே இல்லியேப்பா.”

“சொன்னா நம்பாது, உக்காந்தாத்தான் நம்பும்னாருங்க.”

கீழப்பழுவூர் போய்ச் சேரும்வரை, ஒரு குழியாவது என் இடுப்பைத் தூக்கிப் போடாதா என்று காத்திருந்தேன். போடவில்லை.

தம்பியை அன்று தூக்கிக்கொண்டு ஓடிய அக்கம்பக்கத்தாருக்கும், பதினாறாம் நாள் காரியம் வரை எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்களுக்கும், என்னைக் கொண்டுவந்து சேர்த்த மெக்கானிக் தம்பிக்கும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். எல்லாருக்கும் மேலாகத் தம்பி மனைவிக்கு நன்றி. இந்த ஓராண்டில், தம்பி கூப்பிட்டும் ஏன் ஒரு தடவைகூட அந்தக் காரில் ஏறவில்லை என்று அவள் என்னைக் கேட்டதே இல்லை.