செபமாலையின் நடுவே ஒரு நீராவிப் படகு

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பியற்றிஸின் குரலைக் கேட்டிராத தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் இருந்தால், அவர் பூசைக்கே வராத ஆள் என்று துணிந்து சொல்லலாம். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் அவளுடையது. பழைய ஏற்பாட்டில் வருகிற வாயில் நுழையாத பெயர்களெல்லாம் அவள் வாயில் தேத்தண்ணிக்குள் சீனி போலக் கரைந்துவிடும். கிழமை நாட்களில் அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளின் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு வைப்பவள். அங்கே அவள் சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாசக மேடையில் ஏறினால் மட்டும் கோயிலே வாய் மூடிக் கேட்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவள் மாதம் முழுக்க உருளைக்கிழங்கு மசித்தாள் என்று சொன்னாலும் பிழையில்லை.

யார் வாசிப்பது என்று தீர்மானிப்பவர் அவளுடைய கணவர் யாக்கோப்பு. மன்னாரில் கோயிலுக்குக் கோயில் ஒரு மூப்பர் இருப்பார். கொடியேற்றம் முதல் பாய் விரிப்பது வரை அவர் சொன்னபடிதான் நடக்கும். லண்டனில் அப்படி ஒரு பதவி கிடையாது. ஆனால் நம்முடைய சனம் மூப்பர் இல்லாமல் மூச்சு விடுமா? பஸ் ஓட்டி இளைப்பாறிய யாக்கோப்பைப் பிடித்து மூப்பர் ஆக்கிவிட்டார்கள். நேரம் தவறாதவர், கோள் மூட்டத் தெரியாதவர். பேச்சோ மிகமிகக் குறைவு. கல்யாணம் முடித்த இத்தனை வருசத்தில் அவர் மனைவியைப் பாராட்டியதெல்லாம் "இண்டைக்குக் குழம்பு பரவாயில்லை" என்ற அளவோடு நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் அந்தப் படகு புறப்பட்டது.

சவுத்தாலில் இருக்கும் பியற்றிஸின் சிநேகிதி பெனிற்றா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தபோது, பொழுது போகவில்லை, ஏதாவது கதை சொல்லுங்கோ அக்கா என்று போனில் அழுதாள். பரிசுத்தவான்களின் கதை வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பியற்றிஸ் யோசித்தாள். மன்னாரில், அவளுடைய பேசாலை வீட்டுச் சுவரில், பர்மாவுக்குக் கிளாக்கராகப் போன யாரோ ஒரு பெரியப்பாவின் படம் தொங்கியது. அந்த ஒற்றைப் படத்தைப் பிடித்துக்கொண்டு நூறு வருசம் பின்னால் போனாள். ஐராவதி ஆற்றில் மண்டலே நகருக்குப் போகிற ஒரு நீராவிப் படகு. அதில் தமையனிடம் போகிற மதலேனா என்ற இளம் விதவை. படகின் சுக்கானைப் பிடிக்கிற பஸ்தியான், அதிகம் பேசாதவன்.

உடுப்பு அலுமாரிக்குள் தலையை விட்டு, சேலைகளுக்கும் குளிர்கோட்டுகளுக்கும் நடுவே போனைப் பிடித்து, கதையைப் பதிவு செய்து அனுப்புவாள். அலுமாரிக்குள் சத்தம் அழகாக விழும். வெளியே ஒருவருக்கும் கேட்காது. முதல் சில பகுதிகளில் பஸ்தியானும் மதலேனாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகும் பார்த்தார்கள். பெனிற்றாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இப்பிடிப் பாத்துக்கொண்டே மண்டலே மட்டும் போச்சினமெண்டால் நான் கட்டிலை விட்டு எழும்பமாட்டன்" என்றாள்.

சரி, ஒரு நோயாளிக்காகத்தானே என்று பியற்றிஸ் நீராவியைத் திறந்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் படகில் நடந்தவற்றை முழுதாக இங்கே எழுத ஏலாது. பெனிற்றா நடக்கத் தொடங்கினாள். கதை நிற்கவில்லை. இன்னும் மூன்று நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், எல்லாரும் மூச்சுக்காட்டாத ஆட்கள்.

ஒரு சங்கதியை மட்டும் பியற்றிஸ் அவர்களிடமும் சொல்லவில்லை. யாக்கோப்பு விடியற்காலை முதல் பஸ் ஓட்டிய காலத்தில், பனிக்காலத்தில் வேலை முடிந்து வந்தால் நேரே அவளிடம் வரமாட்டார். முதலில் இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள், அக்குள் சூட்டில், வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பார். கை நன்றாகச் சூடேறிய பிறகுதான் அவளைத் தொடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்தக் கைகளைத்தான் அவள் பஸ்தியானுக்குக் கொடுத்திருந்தாள். கல்யாணமான ஒரு பெண்ணால் காதலைத் தேடி வேறெங்கே போக முடியும்?

ஒக்டோபர் செபமாலை மாதம். முன்பெல்லாம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் கூடிச் சொல்வார்கள். இப்போது சனம் சவுத்தால் வரைக்கும் சிதறிவிட்டதால் யாக்கோப்பு ஒரு ஒழுங்கு செய்திருந்தார். ஐந்து வீட்டார் செபமாலையின் ஆளுக்கொரு பத்து மணிச் செபத்தைப் பதிவு செய்து கோயில் பங்கின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவது. பின்னேரம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டு, அவற்றை வரிசையாகப் போட்டுக் கூடவே சொல்வது. போன் பழக்கமில்லாத வயதானவர்கள் மூப்பர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு மூன்றாம் பத்து பியற்றிஸின் முறை. அலுமாரிக்குள் தலையை விட்டு நின்றபடியே செபத்தையும் கதையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தாள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இரண்டையும் அனுப்பினாள். அவ்வளவுதான்.

பின்னேரம் வரவேற்பறையில் எட்டுப் பேர் முழந்தாளில். மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி. சிலைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர். முதலாம் பத்து முடிந்தது. இரண்டாம் பத்து முடிந்தது. யாக்கோப்பு "மூன்றாம் தேவ இரகசியம்" என்று சொல்லி போனைத் தட்டினார்.

பியற்றிஸின் குரல், வாசக மேடையில் கேட்கிற அதே தெளிவான குரல், அறையை நிறைத்தது.

"பஸ்தியான் சுக்கானை விட்டு இறங்கி வந்தான். ஆற்றுக்காற்றில் அவன் கைகள் விறைத்திருந்தன. கொதிகலனின் வெதுவெதுப்பில் அவற்றை வைத்துச் சூடாக்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் மதலேனாவின் இடுப்பில் வைத்தான். அவளுடைய சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. விளக்கை அணைக்கட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், என்னைப் பார் என்றாள் அவள்."

இங்கே கதை சொல்பவள் மூச்சு வாங்கச் சற்று நிறுத்தியிருந்தாள். அந்த இடைவெளியில், காது மந்தமான இரண்டு கிழவிகள், பழக்க தோசத்தில், "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று செபத்தின் பதில் பாதியைச் சொன்னார்கள்.

பியற்றிஸுக்கு நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. எழும்பலாம் என்றால் சமையலறையில் நின்று நின்று தேய்ந்த முழந்தாள் ஒத்துழைக்கவில்லை. மற்றவர்களின் முழந்தாள்கள் அதைவிடப் பழையவை. போதாக்குறைக்கு, தொடங்கிய பத்தை இடையில் முறிக்கக்கூடாது என்ற பயமும் எல்லாருக்கும் இருந்தது. போன் யாக்கோப்பின் கையிலேயே இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். அவர் அசைக்கவில்லை. தலையைக் குனிந்தபடி, படகு அறையின் கதவு சாத்தப்படும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கொக்கிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன, மதலேனாவின் கூந்தல் அவிழ்ந்து பஸ்தியானின் மார்பில் விழுந்தது, படகே ஒருமுறை ஆடியது. எல்லாம் முடிந்த பிறகு யாக்கோப்பு நிதானமாக, "நாலாம் தேவ இரகசியம்" என்றார்.

அடுத்த கிழமை முழுக்க அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார், காதில் எதையோ மாட்டிக்கொண்டு வாண்டில் என்ற ஆற்றின் கரையில் நடக்கப் போனார். முன்பு அரை மணித்தியாலம் நடந்தவர் இப்போது பொழுது பட்டும் வரவில்லை. வீட்டில் இருக்க மனமில்லாமல்தான் போகிறார் என்று பியற்றிஸ் நினைத்தாள். ஊர் வாயை அவள் எப்படியும் தாங்கிக்கொள்வாள். குழுவிலிருந்து சிலர் விலகினார்கள், சிலர் மிச்சப் பகுதி எங்கே என்று களவாகக் கேட்டார்கள், அது வேறு. அவளைக் குடைந்தது ஒன்றுதான். அந்தக் கைகள் யாருடையவை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வாய் திறந்து ஒன்றும் சொல்லாத மனிதர், தனக்கென்று வைத்திருந்த ஒன்றே ஒன்றை அவள் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இனி வாசக மேடையும் இல்லை, அந்தக் கையும் இல்லை என்று நினைத்து அலுமாரிக்குள் தலையை விட்டு அழுதாள். கதையின் அடுத்த பகுதியில் பஸ்தியானை மண்டலேயில் இறக்கிவிட்டுப் படகை வெறுமையாகத் திருப்புவதாகத்தான் ஏற்கெனவே நினைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் பங்குக் கூட்டம். தேத்தண்ணியும் ரோல்ஸும் ஒரு மேசையில். பூசை வைத்த சுவாமி ஒரு செத்தவீட்டுக்காக அவசரமாகப் போய்விட்டார். பியற்றிஸ் கடைசி வரிசையில் இருந்தாள். பெனிற்றா ஊன்றுகோலோடு சவுத்தாலிலிருந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எட்வேட் எழும்பினார். பங்கில் ஒழுக்கத்தைக் கட்டிக் காப்பது தன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை, கொஞ்சம் கஞ்சி கூடிய சட்டை, அவ்வளவுதான். வேத வசனம் வாசிக்கிற வாயால் இப்படிப்பட்டதைச் சொன்ன ஒருவரை இனி மேடையில் ஏற்றக்கூடாது என்றார். பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலும் அது கேட்டது என்றார். அதுவரைக்கும் நியாயம் என்றே பியற்றிஸுக்கும் பட்டது. ஆனால் எட்வேட் அங்கே நிற்கவில்லை.

"யாக்கோப்பு அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அந்தக் கை சூடாக்கிற கதையெல்லாம் சும்மா கற்பனையிலை வராது. ஆரோ ஒருத்தரைப் பாத்துத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

மண்டபத்தில் ரோல்ஸ் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பெனிற்றா ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள், எறிந்துவிடுவாளோ என்று பயப்படும்படி. பியற்றிஸ் நிலத்தைப் பார்த்தாள். யாக்கோப்பு எழும்புகிற கதிரைச் சத்தம் கேட்டது. வாசிக்கிறவர்களின் ஒழுங்கை மாற்றப் போகிறார் என்று நினைத்தாள்.

"ஓம். என்னைப் பாத்துத்தான்" என்றார் யாக்கோப்பு.

அவருடைய காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைக் குறுக்குத் தெருவில் திருப்புகிறவர் போல மெதுவாக மிச்சத்தைச் சொன்னார்.

"விடிய பஸ் எடுத்தால் கை ஐஸ் மாதிரி இருக்கும். பிள்ளைக்குத் தாய், வேலைக்கும் போறவ, வீட்டுக்கும் குளிரோடை போய் அவவைத் தொடக்கூடாது எண்டு நினைச்சன். அதை அவ கண்டுவைச்சிருக்கிறா எண்டு எனக்கு இப்பத்தான் தெரியும். கட்டின மனுசனைப் பற்றிக் கதை சொல்லுறது பாவமெண்டால், எட்வேட், நீர் சுவாமியைக் கேளும். பிழையான இடத்துக்கு அனுப்பினது பிழை. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். வாற மாதம் முதலாம் வாசகம் பியற்றிஸ்."

உட்கார்ந்துவிட்டார். எட்வேட் நின்றபடியே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்த அவருடைய மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அந்த மனுசியும் அலுமாரிக் கதையின் களவு ரசிகை என்பது எட்வேட்டுக்கு இன்றுவரை தெரியாது. கூட்டம் அடுத்து கரோல் ஒழுங்குகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். குளிர் கன்னத்தைக் கிள்ளியது. பியற்றிஸுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கடைசியில், அன்றைக்கு ஏன் போனை நிறுத்தவில்லை என்று மட்டும் கேட்டாள்.

"நிப்பாட்ட மனம் வரேல்லை" என்றார். கொஞ்சத் தூரம் போய், "மிச்சத்தைப் பெனிற்றாட்டை வாங்கினனான். ஆத்தங்கரையிலை நடந்து நடந்து முதலிலையிருந்து கேட்டு முடிச்சிட்டன். நல்லாச் சொல்லுறீர்" என்றார்.

குழம்பைத் தாண்டி அவர் சொன்ன முதல் பாராட்டு அது. பியற்றிஸ் தெருவென்றும் பாராமல் அழுதாள். யாக்கோப்பு திகைத்துப்போய் பஸ் தரிப்பிடத்தின் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற நாலைந்து பேரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சேரும்" என்று மெல்லக் கூப்பிட்டார். "மண்டலே கிட்டுது போலை கிடக்கு. அவன் அதிலை இறங்கிப் போயிடுவானோ?"

பியற்றிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளாக நினைத்து வைத்திருந்த முடிவை அந்த இடத்திலேயே தூக்கி எறிந்தாள்.

"இல்லையப்பா. அவன் இறங்கமாட்டான்."

யாக்கோப்பு தலையாட்டினார். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால், இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் அவசரப்படவில்லை. பியற்றிஸும் காத்து நின்றாள். கடைசியில் அவர் கையை எடுத்து அவளுடைய கையைப் பிடித்தபோது, அது நல்ல சூடாக இருந்தது.