நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் நான் உத்தியோகத்தர். போன வருடம் எங்கள் அலுவலகத்தின் உயரமான கவுண்டரையும் அதன் கம்பிச் சன்னலையும் பிடுங்கி எறிந்தார்கள். வேலையெல்லாம் கணினிக்குப் போய்விட்டதால் ஆளுக்கொரு மேசை என்பதும் போயிற்று. காலையில் எது காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். வருகிறவர்களுக்கு எங்களுக்கு எதிரிலேயே மெத்தை நாற்காலி. பழைய மேசையைப் பறிகொடுத்த சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, அந்த நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள். தோட்டத்து ஆபீஸில் தலைமுறை தலைமுறையாகச் சன்னலுக்கு வெளியே நின்று பேசியவர்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே.

“ஒக்காருங்க” என்பேன்.

“பரவால்லங்க மிஸ், இப்பிடியே சொல்றேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வரும். ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர், கவுண்டர் இருந்த காலத்தில் இங்கே வந்தால் என் முன்னாலும் நின்றுகொண்டே பேசுவார். பெற்ற மகள் உட்கார்ந்திருக்க அம்மா நிற்பதா? ஒருநாளாவது அவரை இங்கே உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு வைராக்கியமே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு வழி பிடித்தேன். யாராவது நின்றால் நானும் எழுந்து நின்றுவிடுவேன்.

“நீங்க ஒக்காந்தாத்தான் நானும் ஒக்காருவேன்.”

உத்தியோகத்தரை நிற்கவைத்த பாவம் நமக்கெதற்கு என்று பதறிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ஆட்களின் மரியாதையை எனக்கா தெரியாது! என்னோடு வேலைசெய்யும் சிங்களத் தோழி முதலில் சிரித்தாள். பிறகு அவளும் எழுந்து நிற்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் அதுவே அலுவலகத்தின் வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் அம்மா முதியோர் அடையாள அட்டைக்காக வந்தார். நான் மாடியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மா எந்த மூலையில் நிற்கிறாரோ என்ற தவிப்போடு கூட்டம் முடிந்ததும் ஓடி இறங்கினேன்.

அம்மா உட்கார்ந்திருந்தார். செருப்பு காலிலேயே இருந்தது, கைப்பை மேசைமேல் இருந்தது. எதிரில் என் தோழி. “வாடிவென்ன அம்மே”, உட்காருங்கள் அம்மா, என்று சிங்களத்தில் சொல்லி எழுந்து நின்றாளாம், அவ்வளவுதான்.

பெருமையில் நகரத் தோன்றாமல் அங்கேயே நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார்.

“ஏம்மா நிக்கிற? ஒக்காரு. நம்ம ஆபீஸ்தானே.”