எண்ணி வைத்த நாட்கள்

எங்கள் குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. வருஷா வருஷம் ஹட்டன் கடையில் கொடுக்கிற காலண்டர் அதில்தான் தொங்கும். மற்றவர்கள் காலண்டரில் கிளினிக் போகும் நாள், கல்யாண நாள் என்று குறித்து வைப்பார்கள். நான் அந்த வருஷம் வேறொன்றைக் குறித்தேன். என் வீட்டுக்காரர் குடிக்காமல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் சின்னதாக ஒரு சரி போட்டுக்கொண்டு வந்தேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் கொஞ்சம் கறாரான ஆள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. என் மடுவத்தில் பன்னிரண்டு மணிக்குத் தூங்க வேண்டிய குழந்தை பன்னிரண்டு மணிக்குத் தூங்கியாக வேண்டும். சபையில் ஞாயிறு பாடசாலை எடுத்ததும் நான்தான். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்கிற பாடத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடத்துவேன். கரும்பலகையில் நான்கு குறிப்புகள் எழுதுவேன். நம் நற்செயலுக்குக் கூலியாக இரட்சிப்புக் கிடைப்பதில்லை, அது இலவசம் என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். அதை மனப்பாடம் செய்யாமல் வந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பேன். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடி சில வருஷங்களில் கட்டை முற்றிக் கொழுந்து குறைந்துபோகும். அப்போது அதைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. அவர் வெட்டினால் வெட்டு வழுக்கிக்கொண்டு போகும், கட்டை பிளக்காது என்று தோட்டத்தில் நல்ல பெயர். சாயங்காலம் கத்தியை வைத்துவிட்டுக் கிளாஸை எடுப்பார், அதிலும் பெயர் வாங்கியிருந்தார். கை நீட்டுகிற ஆள் இல்லை. குடித்தால் பாடுவார், அழுவார், பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்பார். எதற்கு மன்னிப்பு என்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கோயிலுக்கும் போகமாட்டார், சபைக்கும் வரமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் தனியாகத்தான் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கினேன்.

அப்படிப்பட்ட மனுஷர் அந்த வருஷம் ஜனவரி முதலாம் தேதி காலை ஆராதனைக்கு, நான் கூப்பிடாமலேயே, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்ததும் நேராகப் பாஸ்டரிடம் போனார்.

"இனிமே என்னால ஏலாதுங்க, ஐயா. அவரு பாத்துக்கிட்டா சரி."

அவரு என்றது ஆண்டவரை. அடுத்த டிவிஷன் கங்காணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாஸ்டர் கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்தவர், எங்களைவிட வயதில் இளையவர். அவர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் முதல் சரியைப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையில் மிக நல்ல மாதங்கள். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவார். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் போஞ்சிக்காய் ஆய்ந்து கொடுப்பார். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, வேலைக்காட்டில் நடந்ததையெல்லாம் சொல்வார். இவ்வளவு பேசுகிற ஆள் இத்தனை வருஷம் எங்கே இருந்தார் என்று ஆச்சரியமாக இருக்கும். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவரேதான் கேட்டார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்று பாஸ்டர் நாள் குறித்தார். நான் சரி போட்டுக்கொண்டே வந்தேன். சபைப் பெண்களிடம், "இன்னையோட நூத்தம்பது நாளுங்க" என்று சொல்லும்போது, குடியை விட்டது நான்தான் என்பது போல் ஒரு பெருமை வரும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவருடைய கூட்டாளி நெஞ்சுவலியில் இறந்துபோனார். இருபது வருஷம் ஒரே நிரையில் இவருக்குப் பக்கத்தில் நின்று கவ்வாத்து வெட்டியவர். அன்றைக்கு விடாத மழை. எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆண்கள்தான். வெட்டுகிறவர்களுக்குச் சாவு வீட்டிலிருந்து சாராயம் வரும். அதை யாரும் கேட்டு வாங்குவதும் இல்லை, யாரும் வேண்டாம் என்பதும் இல்லை. வாங்காமல் விட்டால் செத்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து இஸ்தோப்பில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் குடிச்சிட்டேன், புள்ள."

"எத்தன?"

"ரெண்டு கிளாஸ்."

"யாரு ஊத்துனா?"

"யாரு ஊத்துனா என்னா. வாய் என்னோடதுதான."

நான் உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டு தடவை போட்டேன். அதற்கு முன்னால் இருநூற்றுப் பதினெட்டு சரி இருந்தது. எல்லாம் வீணாகப் போனதே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இனி மொதல்லேர்ந்து எண்ணணும். முழுசா ஒரு வருசம் ஒழுங்கா இருந்துட்டு ஞானஸ்நானத்தப் பத்திப் பேசுங்க" என்றேன். அவர் ஈரத்தோடு காலண்டரைப் பார்த்தார். "சரி" என்றார். குடித்தால் பாடுகிற மனுஷர் அன்றைக்குப் பாடவில்லை.

பாஸ்டருக்கு இது தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் கழித்து நானே போனேன். அவர் சபைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

"அண்ணன் நேத்தே வந்து சொல்லிட்டாருக்கா. எம் பேர எடுத்துருங்கன்னாரு."

"எடுத்துட்டீங்கதானே?"

"இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வயதில் இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "குடிச்சிட்டு வந்த ஆளுக்குக் குடுத்தீங்கன்னா நாளைக்கு ஊரு சிரிக்கும், பாஸ்டர்" என்றேன்.

அவர் துணியைப் பிழிந்து ஹேண்டிலில் போட்டார். "தள்ளிப்போடணும்னா போடுவோம்க்கா. எத்தன நாளு குடிக்காம இருந்தா போதும்னு நீங்களே சொல்லுங்க. அந்த நாள எழுதிக்கிறேன்."

முந்நூற்று அறுபத்தைந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. முந்நூற்று அறுபத்துநாலாம் நாள் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வது என்று உடனே தோன்றியது. இருநூறு என்றால் அதை அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார். கரும்பலகையில் நான் எழுதுகிற நான்கு குறிப்பும் என் கையெழுத்திலேயே கண் முன்னால் வந்து நின்றன. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாஸ்டர் சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

வருகிற வழியில்தான் அவர்கள் கவ்வாத்து வெட்டுகிற மலை. வெட்டிப் போட்ட குச்சிகளை மிலாறு என்போம். அடுப்புக்கு அதுதான் விறகு. ஒரு கட்டுப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று மேலே ஏறினேன். உண்மையைச் சொன்னால் அவரைப் பார்க்கத்தான் ஏறினேன். வேலை முடிந்து மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நிரை காலியாக இருந்தது.

மலை முழுக்க மொட்டைக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரேயொரு கிளையை மட்டும் இலையோடு விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் மிலாறு பொறுக்கியும் அதை நான் கவனித்துப் பார்த்தது இல்லை. அதை மட்டும் ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். மூன்று நாளில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எல்லாத்தையும் வெட்டிட்டா செடி செத்துப்போகும். வெட்டுன கட்டையில ஒரு எல இல்லைல்ல, அதுக்கும் சேத்து இந்தக் கிள மூச்சு வாங்கும். கட்ட சும்மா நின்னாப் போதும், தளிர் தானா வரும்."

"தளிர் வருமான்னு எப்படித் தெரியும்? கொழுந்தே குடுக்காத செடியா இருந்தா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கொழுந்து குடுக்கலன்னுதான வெட்டுறோம். நல்லாக் குடுக்குற செடிய யாரு வெட்டுவா?" கொஞ்ச நேரம் கத்தியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கிட்ட இப்ப ஒரு எலையும் இல்ல, புள்ள. இருந்த எலையும் அன்னைக்குக் குழி மேட்டுல போச்சு. ஆனா நான் சாகல. மேல இருக்குற அவருதான் எனக்குஞ் சேத்து மூச்சு விடுறாரு போல. அதத்தான் பாஸ்டருகிட்ட போயிச் சொன்னேன். பேர எடுக்கச் சொன்னது ஒனக்காக."

நான் பொறுக்கிய மிலாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"கோவிச்சிக்காம இருந்தா ஒண்ணு கேக்குறேன்" என்றார். "நீ கோவப்படாத நாளுக்கெல்லாம் நான் ஒரு காலண்டர்ல சரி போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்?"

"எப்படி இருந்திருக்கும்?"

"புதுசா இருந்திருக்கும். திருப்பிக் கடையிலயே குடுத்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. பதினாறு வயதில் நான் ஞானஸ்நானம் எடுத்தபோது, சபையிலேயே அதிக வசனம் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அதனால்தான் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை என்பது அந்த மொட்டை மலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. இலவசம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த நான், என் பங்கை உழைத்து வாங்கியதாகவே நினைத்திருக்கிறேன்.

மிலாற்றை அவர் கட்டாகத் தூக்கிக்கொண்டார். லயத்தருகே வந்ததும், "ஒங்க வெள்ளச் சட்டையில பித்தான் இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள தச்சிரணும்" என்றேன். அவர் எந்த ஞாயிறு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மழை விட்டிருந்தது, ஆனால் ஓடையில் தண்ணீர் ஐஸாக இருந்தது. லயத்துக்குக் கீழே மண் மூட்டை போட்டு இடுப்பளவுக்குத் தேக்கியிருந்தார்கள். பாஸ்டர் ஜெபிக்க வாயெடுக்கும்போது அவர் கழுத்தில் ஓர் அட்டை ஏறுவதைச் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்தான் சாவகாசமாக அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இப்ப ஆரம்பிங்க, ஐயா" என்றார். கரையில் சிரிப்பு அடங்க நேரமானது. கூட்டாளியின் சம்சாரமும் குடையோடு வந்து ஓரமாக நின்றிருந்தார். நெற்றியில் விபூதி. யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். இவர் தண்ணீருக்குள் போய், முழுதாக மறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தபோது நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பல் தந்தியடித்தது அவருக்கு. சுடுதண்ணீர் வைக்க வேண்டும். மிலாறு ஈரம். தீப்பெட்டியில் பாதியைக் கிழித்துத் தீர்த்தேன், புகைதான் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியது. அதை ஆணியிலிருந்து எடுத்தேன். யோசித்து எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் குளிரில் நடுங்கினார், எனக்கு நெருப்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் செருகினேன். வழவழப்பான தாளானதால் முதலில் சுருண்டது, கறுத்தது, பிறகுதான் பிடித்தது. சரி போட்ட நாளும் வட்டம் போட்ட நாளும் ஒன்றாகவே எரிந்தன. மிலாறு படபடவென்று பற்றிக்கொண்டது.

துண்டைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே வந்து குந்தியவர் ஆணியை நிமிர்ந்து பார்த்தார்.

"காலண்டர் எங்க?"

"அடுப்புல."

"இனி தேதி பாக்க என்னா செய்யிறது?"

"பக்கத்து வீட்டுல கேட்டுக்கலாம்."

அவர் நெருப்புக்கு இரண்டு கையையும் காட்டினார். நான் அண்டாவை ஏற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை என்று எழுதினால் பொய் எழுதியவளாவேன். கினிகத்தேனையில் ஒரு கல்யாணத்தில் ஒரு தடவை நடந்தது. அன்றைக்கும் இஸ்தோப்பில் வந்து நின்று அவரேதான் சொன்னார். நான் உள்ளே வரச் சொன்னேன், தண்ணீர் சுட வைத்தேன். அது முதல் இன்றுவரை எத்தனை நாள் ஆயிற்று என்று சபையில் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.