ஜன்னலைச் சொன்ன பிறகே சாலைச் செய்தி

எங்கள் ஏற்காட்டு வானொலி நிலையத்தின் நாட்குறிப்பில், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு நேரே இவ்வளவுதான் இருக்கிறது: "காலை சாலைச் செய்தி: நேற்றைய பதிவு ஒலித்தது." எழுதியவர் ஆண்டைப் போடவில்லை. நிலையம் தொடங்கிய இரண்டாவது மழைக்காலம் என்பது என் கணிப்பு.

அன்று மண் சரிந்து சேலம் பாதை அடைபட்டிருந்தது. அறிவிப்பாளர் வரவில்லை என்று யாரோ முந்தைய நாள் பதிவை ஓட்டிவிட்டார்கள். பாதை திறந்திருப்பதாகக் கேட்டு ஜீப் ஏறிய நாகலூர்க்காரர்கள் கொண்டை ஊசி வளைவில் மாலைவரை மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம். நேரலைதான் என்று நம்பவைக்க, ஜன்னலுக்கு வெளியே அந்த நிமிடம் தெரிவதை முதலில் சொல்ல வேண்டும். எதிர்க்கடையில் பால் கேன் இறங்குகிறது, சிவப்புக் குடைக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டார், இப்படி.

அந்த வேலைக்குத்தான் என்னைச் சேர்த்தார்கள். போன வருஷம் கணவருக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. வேலையிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி நிலையத்தில் கேட்டேன். எனக்குப் பதிலாக வந்த பெண் தினமும், "வெளியே பனிமூட்டமுங்க" என்று மட்டும் சொன்னாள். மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பனி என்னைக்குத்தான் இல்லை? டேப்பைப் போட்டுட்டு நொம்ப ஏமாத்தறீங்களே. அந்தக்கா எங்கே?"

அவள் அந்த வாரமே நின்றுவிட்டாள். நிலையப் பொறுப்பாளர் எனக்கு ஒரு வழி சொன்னார்.

"பத்து நாளுக்கு ஜன்னலைப் பேசிப் பதிஞ்சு குடுத்துட்டுப் போங்கக்கா. குடைக்கு மட்டும் கலரை மாத்திக்கலாம்."

"மண்ணு சரிஞ்சா அதுக்கும் கலர் மாத்துவீங்களா?"

"அப்ப நீங்களே இருங்க" என்று சிரித்தார். இருந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் மலையேறி வரும் கணவர், "சேலத்து ஊட்டுலயும் ஜன்னல் இருக்குது கண்ணு, வந்து அதையுந்தான் சொல்லேன்" என்கிறார்.

இப்போது மண் சரிந்தால் படம் முதலில் செல்போனுக்கு வந்துவிடுகிறது. நிலையத்துக்கு யாரும் போன் செய்வதும் நின்றுவிட்டது. பொறுப்பாளரைக் கேட்டால், மஞ்சக்குட்டை பஸ் நிறுத்தத்தில் இன்றும் சிலர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்கிறார். யாருமே இல்லையென்றால் நான் இன்றே கீழே சேலத்துக்கு இறங்கிவிடலாம். போய்ப் பார்க்கலாமென்றால், அவர்கள் அங்கே நிற்கும் நேரத்தில்தான் நான் இந்த அறைக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். பொறுப்பாளர் சொன்னது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.