நூலில் அளந்த பத்தரை அங்குலம்

கரும்பாலைக் கொட்டகையில் அன்று அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். ஆலைக்குப் பழுது பார்க்கும் மேஸ்திரி மட்டும் இல்லை. மகள் பிரசவத்துக்காகக் கோலார்ப் பக்கம் போயிருந்தார். அந்த நாளாகப் பார்த்துத்தான் உருளையின் மேலிருந்த பல்சக்கரத்தில் மூன்று பல் உடைந்தது. பாரூர் ஏரித் தண்ணீரில் விளைந்த கரும்பு, வெட்டி அடுக்கியபடி வெளியே காய்ந்துகொண்டிருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம். பூசை போட்டு ஓட்டிய ஆலையின் இரும்பு, வெல்லம் காய்ச்சி முடியும்வரை கொட்டகையைத் தாண்டக் கூடாது. எனவே அளவு மட்டும்தான் போக முடியும். அப்பா மஞ்சள் நூலைப் பல் முனைகளின் மேல் சுற்றிப் பிடித்தார். முப்பத்து மூன்று அங்குலம். ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தேன். விட்டம் பத்தரை. பல் பத்தொன்பது.

“இவன நம்பி இரும்பு ஊத்தப் போறியாண்ணா? தப்பாச்சுன்னா ஸ்கூலு போதும், மாடு ஓட்ட அனுப்பிடு” என்றார் சித்தப்பா.

“ஆவட்டும்” என்றார் அப்பா.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் எனக்கு உலகமே வட்டமாகத் தெரிந்தது. மாடுகள் சுற்றிய தடம், பாகு கொதிக்கும் கொப்பரை, ஏரிக்கு மேல் மிதந்த காலைச் சூரியன், எல்லாவற்றையும் நூலால் சுற்றி வகுத்துக்கொண்டே போனேன்.

வார்ப்புப் பட்டறைக்காரர் அளவு எழுதிய என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த வட்டம் தம்பி இது? பல்லு முனையா, பிட்ச் வட்டமா?”

பல் முனை என்பது கொட்டகைப் பேச்சாகப் பட்டது. பிட்ச் என்பது இங்கிலீஷ். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். “பிட்ச்” என்றேன்.

நான்கு நாள் கழித்து வந்த சக்கரம் ஓர் அங்குலம் பெரிதாக இருந்தது. பக்கத்துச் சக்கரத்தோடு சேரவே இல்லை, பல்லோடு பல் இடித்து நின்றது.

“படிச்ச கணக்கு நல்லா பல்லக் காட்டுது பாரு” என்றார் சித்தப்பா.

அப்பா உடைந்த சக்கரத்தையே சாக்கில் கட்டி, வழக்கத்தை மீறித் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாகப் பட்டறைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து சித்தப்பாவிடம் சொன்னார்: “பையன் கணக்கு சரிதானாம்டா. நாந்தான் நூல லூசா புடிச்சிட்டேன்.”

நானும் அதை நம்பினேன். கொஞ்ச நாள் அப்பாவின் கைமேல் கோபமாகக்கூட இருந்தேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போனேன்.

பல வருடம் கழித்து, பாலிடெக்னிக்கில் பல்சக்கரம் வரையச் சொன்னார்கள். பல் முனைக்குக் கீழே, பல்லின் நடுவாக, விட்டு விட்டுக் கோடிழுத்து ஒரு வட்டம் போட வேண்டும். இரும்பில் எங்கு தேடினாலும் அந்த வட்டம் கிடைக்காது. ஆனால் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டு உருள்வது அதன்மேல்தான். அதுதான் பிட்ச் வட்டம். எங்கள் சக்கரத்துக்கு அதைக் கணக்கிட்டேன். ஒன்பதரை வந்தது; பிட்ச் என்று நான் சொன்னதோ பத்தரை. நூல் இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது. பட்டறையில் அன்று அதை அப்பாவுக்கு விளக்கிச் சொல்லாமலா அனுப்பியிருப்பார்கள்?

இரண்டாவது வார்ப்புக்காக அப்போது குந்தாரப்பள்ளிச் சந்தையில் எங்கள் கிடேரியை விற்றோம். எண்பத்தைந்து ரூபாய்.