காயட்டும் பெயிண்டர் வாங்கிய வீடு

பெயிண்டருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள், பெயிண்ட் கடைக்காரர், வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'காயட்டும்'தான். முதல் பூச்சு முடிந்ததுமே வீட்டுக்காரர் கீழே வந்து நின்று, "அடுத்த பூச்சு எப்போப்பா?" என்று ஆரம்பிப்பார். ஏணி மேலிருந்து ஒரே பதில்தான் வரும். "காயட்டும் சார்." சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டாலும் அதே பதில். வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு போவார். ஆனால் அவர் பூசிய சுவர் உரிந்தது, உப்பியது என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அந்தச் சொல்லைச் சுவரோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. மனுஷன் வாழ்க்கைக்கே அதைப் பூசிவிட்டார். டாக்டரைப் பார்க்கப் போனால், பின்னால் வந்தவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாராவது பாவப்பட்டுக் கேட்டால், "அவசரமில்ல, மெதுவா பாருங்க" என்பார். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று எப்போதோ அவர் மண்டையில் ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை.

அவர் மனைவிக்கோ சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. கை ஒரு சோப்பை நகர்த்தும்போதே கண் அடுத்த ஆளின் கூடைக்குப் போய்விடும். "அடுத்தது!" என்று அவர் குரல் கொடுத்தால் வரிசையே ஒரு அடி முன்னால் நகரும். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் போட்டு யார் வேடிக்கை பார்த்தார்களோ தெரியவில்லை. பெயிண்டருக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றும் அந்த அம்மாவிடம் இருந்தது. ஈரப் பெயிண்டைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். "காஞ்சிடுச்சா?" என்று வாய் கேட்டு முடிக்கும் முன்பே விரல் சுவரில் இருக்கும். பெயிண்டர் பிரஷை எடுத்து அந்த விரல் தடத்தை அழிப்பார். அழிக்காமல் விட முடியாது. எல்லாம் வாடகை வீட்டுச் சுவர்.

வாடகை வீடு என்றால் வெள்ளைதான். வீட்டுக்காரர் மாறுவார், தெரு மாறும், அந்தச் சட்டம் மட்டும் மாறாது. வெள்ளையாகக் கொடுத்தேன், வெள்ளையாகத் திருப்பிக் கொடு. ஊரார் சுவருக்கெல்லாம் விதவிதமாகக் கலர் பூசிவிட்டு, சாயங்காலமானால் ஆஸ்பத்திரி போன்ற ஒரு வெள்ளைக்குள் வந்து படுத்துக்கொண்டார் பெயிண்டர். ஒருமுறை பெரிய வீடு ஒன்றின் கூடத்துக்கு மயில் கழுத்து நிறம் அடித்தார்கள். சாப்பாடு கொண்டுபோன மனைவி அந்தச் சுவர் முன்னால் டிபன் கேரியரோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார். மிச்சமிருந்த பாதி டப்பாவை அந்த வீட்டம்மாவே கொடுத்து அனுப்பினார். "நம்ம வீடுன்னு ஒன்னு வரட்டும், அப்போ இது" என்று மனைவி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அதன் பிறகு வீடு மாறிய போதெல்லாம் முதலில் வண்டியில் ஏறியது அந்த டப்பாதான்.

கடைசியில் வீடும் வந்தது. ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்விடலாம் என்று தன் வீட்டை விற்க நினைத்தார். விற்கும் முன் சுவரைப் பளிச்சென்று ஆக்கித் தரச் சொல்லி நம் பெயிண்டரைக் கூப்பிட்டார். இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு சந்து. பின் அறை ஜன்னலில் காலை வெயில் நேராக வந்து விழும். பூசிக்கொண்டே இருந்தவர், 'இந்த ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டால்?' என்று நினைத்துவிட்டார். அடுத்தவர் வீட்டில் அவர் அப்படி நினைத்ததே இல்லை. அன்று மட்டும் காயும்வரை காத்திருக்காமல் டீச்சரிடம் கேட்டார்.

"நீங்களே வாங்கிக்கிறீங்களா? எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் டீச்சர். "ஆனா சீக்கிரம் முடிச்சிடணும், சரியா?"

விலை படிந்தது. வங்கியும் தலையாட்டியது. இனி வக்கீல் மட்டும்தான் பாக்கி என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த 'மட்டும்' எவ்வளவு நீளம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் ஆரம்பித்த வேலை. மழை வந்தது, போனது. வெயில் வந்து மண்டையைப் பிளந்தது. முதலில் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் கோர்ட் லீவு. அப்புறம் ஏதோ ஒரு நகல் வரவில்லை. அது வந்தபோது அதைப் பார்க்க வேண்டிய ஆள் வரவில்லை. பெயிண்டர் வேலை நடக்கிற இடத்திலிருந்து, ஏணிக்குக் கீழே நின்று, வாரம் தவறாமல் போன் போடுவார். "முடிஞ்ச மாதிரிதான்" என்பார் வக்கீல். பெயிண்டர் அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பிப்பார்.

"முடிஞ்சதா, முடிஞ்ச மாதிரியா?" என்பார் மனைவி.

"மாதிரிம்மா."

மனைவி ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துத் தைத்தே வைத்துவிட்டார். மகள் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, இப்போது "எப்போ புது வீட்டுக்குப் போறே?" என்று கேட்பவர்களிடம், "எங்க வீடு இன்னும் காயுது" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலையில்தான் இரண்டு இடி ஒரே வாரத்தில் விழுந்தது. வாடகை வீட்டுக்காரர் வந்து, தம்பி குடும்பம் வருகிறது, மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்றார். அதற்கென்ன, நம் வீடு இருக்கிறதே என்று மனைவி தைரியமாக இருந்தபோது டீச்சர் போன் செய்தார்.

"பையன் டிக்கெட் போட்டுட்டான்பா. இன்னொருத்தர் உடனே வாங்கிக்கிறேன்னு வாசல்ல வந்து நிக்கிறார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவு ஆகலன்னா அவருக்குத்தான் கொடுத்தாகணும். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

பெயிண்டர் அதை வீட்டில் சொன்னபோது மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது. எங்கே போவது என்று தெரியாவிட்டாலும் கட்டிவைக்கத்தானே வேண்டும் என்று அந்த அம்மா அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கட்டிலுக்கடியிலிருந்து டப்பாவும் வெளியே வந்தது. இதைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கப் பெயிண்டர் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு கல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் டக் டக் என்றது.

மனைவி எட்டிப் பார்த்தார். வழக்கம்போல் விரலும் போனது. இந்த முறை ஒட்டவில்லை.

"காஞ்சிடுச்சு" என்றார்.

திரும்பவும் பெட்டி கட்டப் போய்விட்டார். ஆயுசு முழுக்கத் தான் சொன்ன சொல்லை அடுத்தவர் வாயில் கேட்டதும் பெயிண்டருக்கு அவமானமாக இருந்தது. தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் அவர் ஒரு பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டு வக்கீல் ஆபீசுக்குக் கிளம்பினார். மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். மருந்துக்கடைக்கு மேலே குறுகலான படி, படி ஏறினால் ஒரு நீள அறை. சுவரோரம் முழுக்கக் கயிறு போட்டுக் கட்டிய காகிதக் கட்டுகள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் முகத்திலும் சண்டைக்களை. டெலிபோன் பக்கத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் இருந்தார். பெயிண்டர் டீச்சர் வீட்டு விலாசத்தைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்கதான் அந்த அவசரமில்ல சாரா! வாங்க வாங்க. எங்க ஆபீஸ்ல உங்களுக்கு அவ்வளவு நல்ல பேரு சார். போன்ல கத்தாத ஒரே ஆளு நீங்கதான்."

மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பினார். "இவர் என்ன சொல்வாரு போன்ல?"

"அவசரமில்ல சார், மெதுவா பாருங்கன்னு சொல்வாரும்மா. ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல. தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதெல்லாம் சூடாகிவிட்டது. மனைவி பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கல்யாணமானவர்களுக்கு அது தெரியும்.

உள்ளேயிருந்து வக்கீல் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாத முகம். தூக்கமில்லாத கண். பெயிண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கத்துறவங்க வேலையை முதல்ல முடிச்சு அனுப்பிடறேன் சார். உங்களை மாதிரி நாலு பேர் பொறுமையா இருக்கறதாலதான் எனக்கு மூச்சு விட முடியுது. உங்க வேலையும் முடிஞ்ச மாதிரிதான். அந்தப் பொதுச் சந்து யார் பேர்ல இருக்குன்னு டீச்சரோட வக்கீலைக் கேட்டு ஒரு லெட்டர் போடணும், அவ்வளவுதான்."

"போட்டாச்சா?" என்றார் மனைவி.

"போடணும்."

"இத்தனை மாசமா போடலையா?"

"சார்தான் அவசரமில்லன்னாரேம்மா" என்றார் வக்கீல். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி கள்ளமில்லை. பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் பார்த்துடலாமா சார்?" என்றார்.

பெயிண்டரின் நாக்கு பழக்க தோஷத்தில் தானாகக் கிளம்பிவிட்டது.

"அவசரம்..."

வக்கீல் தலையை ஆட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். போன் அம்மாவும் சிரித்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் மீதிச் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். மீதி வரவில்லை. பெயிண்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அவசரம் சார்" என்றார் மறுபடி. இந்த முறை சத்தமாகவே வந்தது. "ரொம்ப அவசரம். காயறதுக்கு நான் எத்தனை நாள் வேணும்னாலும் காத்திருப்பேன் சார். எனக்கு அதுதான் தொழிலே. ஆனா நீங்க இன்னும் பூசவே இல்லையே! பூசாத சுவர் எப்படி சார் காயும்?"

அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்படிக் கேளுங்க!" என்று தொடையில் தட்டினார். பெயிண்டர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "லெட்டர் அடிங்க சார். நாங்க இங்கேயே இருக்கோம்" என்றார்.

வக்கீல் தானே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். லெட்டர் போன கையோடு டீச்சரின் வக்கீலுக்குப் போனும் போட்டார். மறுமுனையில் வந்த சத்தம் அறைக்கே கேட்டது. "ஐயா, நீங்க கேட்பீங்கன்னுதான் நாங்க காத்துக்கிட்டே இருக்கோம். பதில் எப்பவோ ரெடி." வக்கீல் காதைச் சொறிந்துகொண்டார். மனைவி பில் கவுன்டர் குரலில், "அடுத்தது?" என்றார். பதில் வந்தது. "அடுத்தது?" வங்கிக்குப் போன் போனது. "அடுத்தது?" அன்று அந்த ஆபீசில் காபி குடிக்க எழுந்தவர்கள்கூட அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பின் வெள்ளிக்கிழமை வரை பெயிண்டர் தினமும் போன் போட்டார். ஹலோகூடச் சொல்வதில்லை. "அவசரம் சார்!" என்றுதான் ஆரம்பம். புதுச் செருப்பு வாங்கிய குழந்தை வீட்டுக்குள்ளேயே நடந்து பார்ப்பது மாதிரி, அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் நடத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயிண்ட் கடைக்காரரிடம்கூடச் சும்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பதிவு ஆபீஸ் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில், வக்கீலே மூச்சிரைக்கக் காகிதங்களோடு ஓடி வந்தார். கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது. "முடிஞ்ச மாதிரியா சார்?" என்று கேட்டார் மனைவி. "முடிஞ்சதும்மா!" என்றார் வக்கீல். அவருக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. டீச்சர் சாவியைப் பெயிண்டர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"யாரோ வாங்கப் போறாங்கன்னு பூசினீங்க. நீங்களே வச்சுக்கங்க" என்றார். பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் பெயிண்ட் கடை வாசலில் நின்றார். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "என்ன காயட்டும், இவ்வளவு சீக்கிரம்? டீ குடிச்சிட்டு வரேன், இரு" என்றார்.

"மயில் கழுத்து. முதல்ல கலக்குங்க, டீ அப்புறம்" என்றார் பெயிண்டர். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தார்.

பின் அறையில், ஜன்னல் பக்கத்துச் சுவரில் முதல் பூச்சு ஏறியது. மகள் ஒவ்வொரு அறையாக ஓடிப்போய்க் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காலை வெயில் சுவரில் விழுந்ததும் அந்த நிறம் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாமல் மின்னியது. மனைவி திரைத் துணியும் கையுமாக உள்ளே வந்து, அன்று அந்தப் பெரிய வீட்டுக் கூடத்தில் நின்ற மாதிரியே நின்றார்.

"காஞ்சிடுச்சா?"

விரல் ஏற்கெனவே சுவரில் இருந்தது. எடுத்தபோது நடுச் சுவரில் தெளிவாக ஒரு தடம்.

"ஐயையோ. அழிச்சிடுங்க, இல்லன்னா தெரியும்" என்றார் நாக்கைக் கடித்துக்கொண்டு.

பெயிண்டர் பழக்கத்தில் பிரஷோடு கிட்டே வந்துவிட்டார். தடத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிரஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார்.

"தெரியட்டும்" என்றார். "நம்ம சுவர்தானே."

இரண்டாவது பூச்சுக்கு முறைப்படி காயவிட்டார், அதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அந்த விரல் தடத்தைச் சுற்றி, அது அழியாமல், பார்த்துப் பார்த்துப் பூசினார்.