ஈஸ்வரமூர்த்திக்குப் பத்து நிமிடம்

பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் தட்டு இரண்டாம் முறை சுற்றி வருகிற நேரத்தில்தான் ஊர்வம்பு தொடங்கும். இன்னார் வாங்கிய வீடு, இன்னாரின் மகள் யாரோடு ரயிலில் போனாள் என்று கதை சூடுபிடிக்கும்போது சிவனேஸ்வரி ரீச்சர் தன் தட்டை மடியில் வைத்துவிடுவார். கடித்த ரோல்ஸ் கடித்தபடியே கிடக்கும். "பொறுங்கோ. அந்தாள் இஞ்ச இல்லை. அவற்ற பக்கம் ஆர் கதைக்கிறது?" என்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால், "அப்ப நான் கதைக்கிறன்" என்று தொடங்கிவிடுவார். ஆளை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்ணாலும் கண்டிராத ஒரு பல் வைத்தியருக்காக என் வீட்டுச் சோபாவில் இருந்து, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை வாதாடியிருக்கிறார். வம்பளக்க வந்தவர்கள் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி யோகராணிக்கு அன்றிலிருந்து அவரைக் கூப்பிட விருப்பமில்லை. கூப்பிடாமலும் விட முடியாது. ரீச்சர் கொண்டுவருகிற கட்லட் அப்படி.

செவன் ஹில்ஸ் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறார். பருத்திச் சேலை, அதன்மேல் அவரே பின்னிய மண்ணிறக் கம்பளிச் சட்டை, காலில் ஆம்பிளைகள் போடுகிற மாதிரிக் கறுப்புச் சப்பாத்து. காலையில் ஹோம்புஷ் ஸ்ரேசனில் அவரைக் காணாதது போல நிற்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். மேல்வகுப்புக்கு அமெரிக்க அரசியலமைப்பு அவருடைய பாடம். யாழ்ப்பாணத்துப் பெண் சிட்னியில் இருந்துகொண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அமெரிக்கச் சட்டம் சொல்லிக்கொடுப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். "இதில சிரிக்க என்ன கிடக்கு?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறார்.

அந்தச் சட்டத்தின் திருத்தங்களை அவர் சொந்தக்காரரைச் சொல்வது போலத்தான் சொல்வார். முதலாவது, பேச்சுரிமை. நாலாவது, காரணம் காட்டாமல் ஒருவன் வீட்டைச் சோதிக்கக் கூடாது. ஆறாவது, குற்றம் சொல்கிறவன் முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும், சொல்லப்பட்டவனுக்காகக் கதைக்க ஒரு ஆளும் வேண்டும். என் சோபாவில் நடந்தது அந்த ஆறாவதுதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாலாவது அவர் வீட்டுக்குள் நடக்கிறது. பதினாலு வயது மகளின் அறைக் கதவைத் தட்டாமல் திறக்க மாட்டார். மற்றத் தாய்மார் இதைக் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தார்கள். முதலாவதைப் பற்றி அவருடைய கணவர் விக்னராஜா சொல்வது வேறு. "எனக்கு வீட்டில பேச்சுரிமை தாராளமா இருக்கு. கேக்கத்தான் ஆளில்லை."

எழுபத்தேழாம் ஆண்டு ஜூலைக் குளிரில் ரீச்சர் வகுப்பில் ஒரு புதுச் செய்தியை எடுத்தார். அமெரிக்காவில் ஒரு சிறு நகரம். ஹிட்லரின் முகாம்களில் இருந்து தப்பி வந்த யூதர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற இடம். அங்கேதான் ஊர்வலம் போவோம் என்று நாசிச் சட்டை போட்ட ஒரு கூட்டம் நீதிமன்றம் ஏறியிருந்தது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரே ஒரு யூதர். வகுப்பில் ஒரு பெட்டைப் பிள்ளை, "உங்களுக்கு இப்படி நடந்தால் விடுவீர்களா, மிஸ்?" என்று கேட்டாளாம்.

"ஓம் எண்டு சொன்னனான்," என்று ரயில் மேடையில் நின்று எனக்குச் சொன்னார். "பிடிச்ச ஆளைக் கதைக்க விடுறதுக்குச் சட்டம் என்னத்துக்கு?" நல்ல கேள்வி கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அன்று முழுக்க இருந்திருக்கும்.

ஆகஸ்டில் ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. அவருடைய தம்பி சிறிதரன் அநுராதபுரத்தில் ரயில்வே கிளாக். அவனுடைய வீட்டை எரித்தார்கள். உயிரோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டான், ஆனால் வலது கண் போய்விட்டது. செய்தி வந்த அடுத்த நாளும் ரீச்சர் ரயிலுக்கு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "சின்னனில எனக்கு ஊசியில நூல் கோத்துத் தாறது அவன்தான்," என்று மட்டும் சொன்னார். ரயில் வந்தது, ஏறிப் போனோம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஈஸ்வரமூர்த்தி என்று ஒருவர். கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். அரசாங்கம் செய்வதெல்லாம் சரி, பத்திரிகைகள்தான் ஊதிப் பெருப்பிக்கின்றன என்பது அவருடைய கட்சி. கலவரத்தைப் பற்றிப் பேசவென்று சங்கம் பொதுக்கூட்டம் வைத்தபோது, தனக்கும் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டார். அங்கத்தவர் யார் கேட்டாலும் பத்து நிமிடம் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். ஆனால் கொமிற்றியில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நானும் அந்தக் கொமிற்றியில்தான் இருந்தேன்.

"வேலியால போற ஓணானைப் பிடிச்சு ஏன் மடியில விடுவான்?" என்றார் தலைவர் தேவராஜா.

ரீச்சர்தான் செயலாளர். "வழக்கம் எல்லாருக்கும் ஒண்டுதானே. குடுக்கவேணும்."

"ரீச்சர், உங்கட தம்பியின்ர கண்ணை நினைச்சுத்தான் நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லுறம்."

"என்ர தம்பியின்ர கண்ணைச் சொல்லி இன்னொருத்தற்ற வாயைக் கட்டாதேங்கோ."

நானும் சும்மா இருக்கவில்லை. அவரை மடக்கவென்றே நூலகத்தில் வாசித்துவிட்டு வந்திருந்தேன். உங்களுடைய முதலாவது திருத்தம் அமெரிக்க அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், ஒரு சங்கத்தைக் கட்டுப்படுத்தாது, இந்த நாட்டிலோ அப்படி ஒரு உரிமைப் பட்டியலே கிடையாது என்றேன். ரீச்சர் தலையாட்டினார்.

"நீங்கள் சொல்லுறது சரி. இஞ்ச எழுதி வைக்கேல்லை. எங்கட நாட்டில சிறுபான்மைக்கு எண்டு எழுதி வைச்சதையும் எழுபத்திரண்டில புது அரசியலமைப்பு எழுதேக்க எடுத்துப்போட்டினம். அப்ப என்னட்டக் காட்டுறதுக்குக் கடுதாசி ஒண்டும் இல்லை. நாங்களாத்தான் குடுக்கவேணும்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கொடுக்காவிட்டால் செயலாளர் பதவியை விடுவேன் என்று ரீச்சர் எழுந்தார். அவர் போனால் சங்கம் படுத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தோம்.

அதன்பிறகு அவரோடு முகம் கொடுத்துக் கதைத்தவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போன இடத்தில், "கூடப்பிறந்த பாசம் இல்லாத பொம்பிளை" என்று ஒருத்தி அவர் காதில் விழும்படியே சொன்னாள். ரீச்சர் சொன்னவளுக்கும் சேர்த்துச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினார் என்று யோகராணி வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரலே ஒரு மாதிரி இருந்தது.

கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ரயில் மேடையில் ரீச்சர் தானாகவே கதையைத் தொடங்கினார். "வகுப்பில ஓம் எண்டு சொல்லேக்க சுகமாத்தான் இருந்தது. இப்ப நெஞ்செல்லாம் எரியுது."

"அப்ப விடுங்கோவன், ரீச்சர். ஆரும் குறை சொல்லமாட்டினம்."

"விட்டால் அந்தப் பெட்டைக்கு நான் பொய்யெல்லே சொன்னதாப் போகும்."

ஞாயிறு பின்னேரம், ஹோம்புஷில் வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம். நிற்கவும் இடமில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் யாருக்காவது ஏதோ நடந்திருந்தது. தேவாரம் பாடி, மௌனமாக நின்று, நாலைந்து பேர் பேசி முடித்த பிறகு ஈஸ்வரமூர்த்தி கோட்டும் ரையுமாக மேடை ஏறினார். ரீச்சர் மேடையின் ஓரத்தில் கதிரை போட்டு, நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் பலகைத் தரையில் காலால் அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் ஈஸ்வரமூர்த்தி பேசினார். பொறுமை வேண்டும் என்றார். வெளிநாட்டில் இருந்து சத்தம் போட்டால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் கேடு என்றார். "அநுராதபுரத்தை எடுங்கோ. பேப்பருகள் ஒண்டைப் பத்தாக்கி எழுதுது. நாலைஞ்சு வீடு..." என்றபோது மைக் செத்துப்போனது.

தேவராஜா சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். அதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற பொறுமைக்கும் ஒரு எல்லை வேண்டும்.

ரீச்சர் எழுந்தார். எல்லோரும் பார்க்க, முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவால் நடந்து போய், கீழே கிடந்த பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினார். மைக் கிர்ரென்றது. கையை எடுத்ததும் மறுபடி நின்றது. பழைய மண்டபம், பிளக் பிடிக்கவில்லை. தரைக்குக் கிட்டவே துளை இருந்ததால், சேலையை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் அப்படியே குந்தி, வலது உள்ளங்கையால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கால் அடித்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஈஸ்வரமூர்த்தி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நாலைந்து வீடுதான், அதுவும் சண்டையில் அகப்பட்டது என்றார். ரீச்சரின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன். ஈஸ்வரமூர்த்தியும் கண்டிருக்க வேண்டும். இரண்டு வசனம் தடுமாறினார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். "சரி, நான் இதோட முடிக்கிறன்" என்றார்.

ரீச்சர் நிலத்தில் இருந்தபடியே இடது கை மணிக்கூட்டைப் பார்த்தார். முகத்தைத் துடைக்காமல், அந்தக் கையை உயர்த்தி அவருக்கு இரண்டு விரல்களைக் காட்டினார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.